முன்னால் போகிற வண்டி

“இன்னைக்கு ஒருத்தரைக் கொன்னிருப்பேனுங்கம்மா” என்று சொல்லிக்கொண்டே நாச்சிமுத்து மடத்துக்குள் வந்தார்.

தயாபரி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“கொல்லலையே?”

“இல்லைங்க.”

“அப்ப உக்காருங்க. மோர் குடிக்கிறீங்களா?”

காரைமலை உச்சியில் இருக்கிற சின்ன மடம் அது. தயாபரி அம்மாவுக்கு நாற்பது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு ஆகியிருக்கலாம். நாச்சிமுத்துவுக்கு அறுபது நெருங்குகிறது. மலைக்குக் கீழே விசைத்தறி வைத்திருக்கிறார். அவர் இவரை அம்மா என்பார், இவர் அவரை அண்ணா என்பார். இரண்டு பேருக்கும் அது விசித்திரமாகப் பட்டதில்லை.

அம்மா பிரசங்கம் செய்யமாட்டார். பிரசங்கம் கேட்க வந்தவர்கள் ஒரு தடவையோடு நின்றுவிடுவார்கள். நாச்சிமுத்து மட்டும் நிற்காமல் வந்தார். உலகத்திலேயே தனக்குக் கோபம் வராத ஒரே இடம் அந்த மடம்தான் என்று அவருக்கு எண்ணம்.

மோரை ஒரே மூச்சில் குடித்தார்.

“அடிவாரத்துல இருந்துங்கம்மா. மேல வர்ற வரைக்கும் எனக்கு முன்னாடி ஒரு வண்டி. நாற்பதுல போகலாம்னு போர்டு வெச்சிருக்கான். இது இருபதுல போகுது. அப்புறம் பதினஞ்சு. வளைவுல நின்னே போகுது. ஹாரன் அடிக்கிறேன், அடிக்கிறேன், காது கேட்கறாப்பல தெரியலை. கட்டை வண்டி ஓட்டறதை விட்டுட்டு இவனுக்கெல்லாம் யாரு காரு குடுத்தாங்க?”

“சிரமம்தான்” என்றார் அம்மா.

“மூஞ்சியை ஒரு தடவை பார்த்துரோணும்னு இருந்தேன். சந்தை முக்குல பால் வண்டி குறுக்கே வந்துருச்சு, தப்பிச்சுட்டான்.”

“வண்டி என்ன நிறமுங்கண்ணா?”

“சாம்பல்.”

“சின்ன வண்டியா?”

“ஆமாங்க. பின்கண்ணாடியில பாதி கிழிஞ்ச பிள்ளையார் படம். அந்தப் பிள்ளையாரைத்தான் அரை மணி நேரமாப் பார்த்துட்டு வந்தேன்.”

அம்மா கீரைத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார். “இப்படி வாங்க.”

மடத்துக்குப் பின்புறம், முருங்கை மரத்தடியில், அந்த வண்டி நின்றது. பாதிப் பிள்ளையார் நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

நாச்சிமுத்து அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“எந்திரிங்கண்ணா. அங்க ஆடு கட்டற இடம்.”



மடத்து வண்டியை அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தவர் மகன் வீட்டோடு போய்விட்டார். அரிசி, பருப்பு, மருந்து எல்லாவற்றுக்கும் கீழே போயாக வேண்டும். அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்சும் வாங்கிவிட்டார். இது நாச்சிமுத்துவுக்குத் தெரியாது; பின்புறமே நிற்கிற அந்த வண்டியை அவர் அதுவரை பார்த்ததும் இல்லை.

“கண்ணாடியில என் வண்டியைப் பார்க்கலைங்களாம்மா?”

“கண்ணாடியையே பார்க்கறதில்லைங்கண்ணா. பார்த்தா கை நடுங்குது.”

“ஏனுங்க?”

“பயம்.”

நாச்சிமுத்துவுக்கு முதலில் புரியவில்லை. “யாருக்குங்க?”

“எனக்குத்தான்.”

“பயம் போறதுக்கு வழி கேட்டு ஊரே உங்ககிட்ட வருதுங்களேம்மா!”

“வர்றவங்களுக்குச் சொல்றேன். அவங்க கேட்டுக்கறாங்க. இந்த வண்டி கேட்க மாட்டேங்குது.”

குருவிடம் இப்படி ஒரு பதிலை நாச்சிமுத்து எதிர்பார்க்கவில்லை.  வந்த விஷயம் தன்னாலே வாய்க்கு வந்தது.

“என் பொண்ணுக்கும் பயமுங்கம்மா. என் வண்டின்னா.”



மகள் தாரணிக்கு ஏழாம் மாதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு. பெற்றவர்கள் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், விருந்து வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்குத் தங்கள் வண்டியில் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அந்தப் பக்கத்து வழக்கம் அது. சோற்றுக் கூடையோடு போனவர்கள் பெண் இல்லாமல் திரும்பினால் ஊர் வாய் சும்மா இருக்காது.

ஊர் கிடக்கட்டும். நாச்சிமுத்துவுக்குத் தூக்கம் போனது ஊருக்காக இல்லை.

“போன மாசம் ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனேனுங்க. முன்னாடி ஒருத்தன் ஆமையாட்டம் போறான். எவ்வளவு நேரம்தான் பொறுக்கறது? வளைவுல அவனைத் தாண்ட ஏறிட்டேன். எதிர்ல லாரி.”

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார்.

“ஒண்ணும் ஆகலைங்க. ஒரு சாண் இடம் இருந்துச்சு. அவ ஒரு வார்த்தை பேசலை. ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கினா, மாப்பிள்ளைக்குப் போன் போட்டா, அவர் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. நான் அங்கேயே நின்னுட்டிருந்தேன்.”

“அப்புறம்?”

“அப்பா ஓட்டற வண்டியில வரமாட்டேன்னு சொல்லிட்டா. வேற டிரைவர் போடலாம்னா, நான் பக்கத்துல உக்காந்தா எந்த டிரைவரும் பாதி வழி தாண்டறதில்லை. ரெண்டு பேர் சாவியைக் கையில குடுத்துட்டு இறங்கிப் போயிட்டாங்க.” அவர் குரல் இறங்கியது. “பெத்த பொண்ணுங்கம்மா. என்னைப் பார்த்துப் பயப்படறா. கோவம் போறதுக்கு ஏதாச்சும் மந்திரம் குடுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கினாக்கூடப் போதும்.”

அம்மா யோசித்தார். யோசித்த மாதிரிதான் தெரிந்தது.

“அரிசி எடுத்துட்டு வர மறந்துட்டேன். கீழ போகணும். கூட வர்றீங்களா?”

“நான் ஓட்டறேனுங்க.”

“வேண்டாம். நான்தான் ஓட்டுவேன். நீங்க பின்சீட்டுல.”

“முன்னாடி உக்காரட்டுங்களா?”

“பின்னாடி. பின்னாடி பார்த்தாப்பல.”



அறுபதை நெருங்கும் ஒரு மனிதர், வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியுமாக, சின்ன வண்டியின் பின்சீட்டில் முட்டி போட்டு, முகவாயைச் சீட்டின் முதுகில் வைத்துக்கொண்டு மலையிறங்கினார். குழந்தைகள்தான் அப்படி உட்காருவார்கள். அதுவும் அடம் பிடித்து.

சந்தை முக்கு தாண்டியதும் ஒரு பால் வண்டி பின்னால் ஒட்டிக்கொண்டது.

அந்த டிரைவரின் வாய் அசைந்தது. ஒரு சத்தமும் இந்தப் பக்கம் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் நாச்சிமுத்துவுக்குப் புரிந்தது. எல்லாம் அவர் வாயில் புழங்கிய சொற்கள்தான்.

ஹாரன் அடித்தது.

அம்மாவின் வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி இன்னும் மெதுவானது.

மறுபடி ஹாரன். மறுபடி குலுக்கல். நாச்சிமுத்துவின் தாடை சீட்டில் இடித்தது.

“ஹாரன் அடிச்சா மெதுவாகுதுங்களேம்மா?”

“கால் தானா பிரேக்குக்குப் போகுதுங்கண்ணா.”

“அப்பக் காலையில நான் அடிக்க அடிக்க...”

“காலையில முப்பதுல கிளம்பினேன்.”



பால் வண்டி ஒரு அகலமான இடத்தில் தாண்டிப் போய்விட்டது. அதற்குப் பிறகு பின்னால் ஒரு கறுப்புக் கார் வந்தது. பெரிய கார். ஓட்டியவர் தன் வயதுக்காரர் என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது. ஆள் ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்துகொண்டு, இடத்துக்கும் வலத்துக்கும் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். சந்து கிடைத்தால் புகுந்துவிடுகிற ஆள். நாச்சிமுத்துவுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அந்த அவஸ்தை அவருக்குத் தெரியும். எங்கே போக வேண்டுமோ, யார் காத்திருக்கிறார்களோ, பாவம்.

பிறகு அந்த ஆளுக்குப் பக்கத்தில் பார்த்தார்.

ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை கதவுக்கு மேலே இருக்கிற பிடியைப் பிடித்திருந்தது. இன்னொரு கை மடியில் இருந்த பையைப் பிடித்திருந்தது. கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அவள் யாரையும் திட்டவில்லை. ஏதோ சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கார் வலது பக்கம் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவள் தோள் மேலேறியது. உள்ளே இழுத்துக்கொண்டால் தோள் இறங்கியது. ஓட்டுகிறவர் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. எப்படித் திரும்புவார்? அவர் கண் முழுக்க முன்னால் போகிற வண்டியின் மேல் இருந்தது.



கல்யாணமான நாளிலிருந்து ருக்குமணி அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருகிறாள். வண்டி ஓடும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

“அம்மா, ஓரங்கட்டுங்க. அவங்களைப் போக விடுங்க.”

“எங்க ஓரங்கட்டறதுன்னு தெரியலைங்கண்ணா. பள்ளமா இருக்குமோன்னு...”

“அடுத்த வளைவு தாண்டினா இடது கைப் பக்கம் மண் தரை இருக்குதுங்க. கெட்டியான தரைதான். நான் சொல்றேன், நீங்க வாங்க. மெதுவா. இன்னும் மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்லை. இப்ப இடது. அவ்வளவுதானுங்க.”

மெதுவா என்ற சொல்லை ஒருவரிடம் வேண்டுகோளாகச் சொன்னது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

வண்டி நின்றது. கறுப்புக் கார் சீறிக்கொண்டு போனது. அம்மா முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த அம்மாளைக் காட்டத்தானே என்னைப் பின்னாடி பார்க்கச் சொன்னீங்க?” என்று நாச்சிமுத்து கேட்டார்.

“எந்த அம்மாள்?”

“அந்தக் கறுப்புக் காரில...”

“நான்தான் கண்ணாடியைப் பார்க்கறதில்லைன்னு சொன்னேனே.”

“அப்புறம் எதுக்குங்க?”

“பின்னாடி யாராச்சும் வர்றாங்களான்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்ல?”

அம்மா வண்டியைக் கிளப்பினார்.



அரிசி மூட்டையை ஏற்றிய பிறகு நாச்சிமுத்து கேட்டார். “ஞாயித்துக்கிழமை அவகிட்ட என்னன்னு சொல்றதுங்கம்மா?”

“இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்கீங்க?”

“இனிமே மெதுவாப் போறேன் அம்மிணி, சத்தியமான்னு சொல்லியிருக்கேன்.”

“எத்தனை தடவை?”

“கணக்கில்லைங்க.”

“அப்ப அதைச் சொல்ல வேண்டாம்.”

வேறு எதைச் சொல்வது என்று அம்மா சொல்லவில்லை. நாச்சிமுத்துவும் கேட்கவில்லை.



ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று கூடைகளை ஏற்றிக்கொண்டு கணவனும் மனைவியும் கிளம்பினார்கள். ஊர் எல்லை தாண்டியதும் நாச்சிமுத்து வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பி ருக்குமணியைப் பார்த்தார்.

அவள் ஒரு கை கதவுக்கு மேலே பிடியில் இருந்தது. கண் அப்போதுதான் திறந்தது.

“என்னங்க, டயரு பஞ்சரா?”

“வண்டியில வரும்போது கண்ணை மூடிக்குவயா?”

“ஆமா.”

“எப்ப இருந்து?”

“கல்யாணம் முடிஞ்சு உங்க ஊருக்குக் கூட்டிட்டு வந்தீங்களே, அன்னைக்கிருந்து.” அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். “மாரியாத்தாளைக் கூப்பிட்டுட்டே வந்தா நேரம் போறது தெரியாது.”

“ஒரு நாளும் சொல்லலையே?”

“சொன்னேனுங்க. முன்னாடி போறவனைத் திட்டிட்டிருந்தீங்க, காதுல விழுந்திருக்காது.”

நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்தது. கூடவே, சோறு ஆறிப்போகும் என்ற நினைப்பும் வந்தது. வண்டியை எடுத்தார்.



விருந்து நன்றாக நடந்தது. பக்கத்து ஊர்ச் சொந்தங்கள் பைக்கில் வந்து சாப்பிட்டு, தாரணிக்குப் பொட்டு வைத்து, வளையல் போட்டுவிட்டுப் போனார்கள்.

கிளம்புகிற நேரம் வந்தது. தாரணி வாசல்படியில் நின்றாள். கை நிறைய வளையல். முகத்தில் அப்பனுடைய பிடிவாதம்.

“நான் பஸ்ஸுல வர்றேன். அம்மா என் கூட வரட்டும்.”

சம்பந்தியம்மாள் பதறினாள். “புள்ளைத்தாச்சி பஸ்ஸுலயா? வாசல்ல காரை வெச்சுட்டு? பார்க்கறவங்க என்ன சொல்லுவாங்க?”

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அவரிடம் பைக்தான் இருந்தது. ருக்குமணி கணவனைப் பார்த்தாள். சத்தியம் ஒன்று வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். தாரணியும் அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தாள்.

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். வழக்கமான வார்த்தைகள் நாக்கு வரை வந்தன. விழுங்கினார்.

“சரி அம்மிணி. பஸ்ஸுல வா” என்றார். “நான் பின்னாடியே வர்றேன்.”



டவுன் பஸ் கூட்டமில்லாமல் வந்தது. தாயும் மகளும் ஏறினார்கள். மாப்பிள்ளை காலிக் கூடைகளையும் தாரணியின் பெட்டியையும் காரில் வைத்தார்.

டவுன் பஸ் எப்படிப் போகும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. புளியமரத்தடியில் நின்றது. ரேஷன் கடையில் நின்றது. கோழிக் கூண்டு ஏற்ற நின்றது. கண்டக்டர் யாரோ சொந்தக்காரரைப் பார்த்து விசாரிக்க நின்றது. அது நின்ற இடத்திலெல்லாம் நாச்சிமுத்துவும் நின்றார்.

கை ஹாரனுக்குப் போகவில்லை என்று சொன்னால் அது பொய். போனது. ஹாரன் மேலேயே கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு அவரே அதை எடுத்து, அடுத்தவர் கையை எடுத்து வைப்பதுபோல், தொடையில் வைத்துக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போங்க, போங்க என்று காட்டினார். அது அவரை உரசுகிற மாதிரி கடந்து போனது. அந்த டிரைவர் திரும்பி ஏதோ சொல்லிவிட்டுப் போனான். நியாயம்தான் என்று நாச்சிமுத்து நினைத்தார்.

அப்போதுதான் பார்த்தார். பஸ்ஸின் பின்கண்ணாடியில், புழுதிக்கு அந்தப் பக்கம், கடைசி சீட்டில் ஒரு முகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

தாரணி.

சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. பெற்ற பெண் பார்க்கும்போது ஒரு தகப்பன் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. இருந்தபடி இருந்தார். பஸ் நின்றால் நின்றார், போனால் போனார். அவள் கண்ணை எடுக்கவே இல்லை.

பாதி வழியில், இரண்டு தென்னந்தோப்புக்கு நடுவே, பஸ் மறுபடி நின்றது. அங்கே ஏறுவதற்கு ஆள் யாரும் இல்லை.

படியில் கையூன்றித் தாரணி இறங்கினாள். பின்னாலேயே பையோடு ருக்குமணி.

நாச்சிமுத்து கதவைத் திறந்துகொண்டு ஓடினார். “என்ன அம்மிணி? வலியா? மயக்கமா வருதா?”

“இல்லப்பா.”

அவள் அவரைத் தாண்டிப் போய், முன்கதவைத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். ருக்குமணி பின்சீட்டில் கூடைகளை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டாள். பஸ் விசில் கேட்டுக் கிளம்பியது.

“பஸ்ஸு போகுதே அம்மிணி” என்றார் நாச்சிமுத்து.

“போகட்டும்ப்பா. அந்த டிரைவர் ரொம்ப வேகமாப் போறாரு.”